கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்



சம்பளம், காணி, வீடு. இந்த மூன்றையும் பற்றி எமது செய்தி மடல் பேசாத மாதம் இல்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் வருத்தம் வந்தால் நாம் என்ன பாடு படுகிறோம் என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது குறைவு. அதை அவரவர் வீட்டுக் கஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். பக்கத்து லயத்தில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து விழுந்தால் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம். "அவர் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்தத் தலையெழுத்தில் பாதியைப் பிரட்டுக்களத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதையே இந்த மாதம் சொல்ல வந்திருக்கிறோம்.

வைத்தியம் வளர்ந்ததை மறுக்கவில்லை

முதலில் நல்லதைச் சொல்வோம். எமது பாட்டிமார் லயத்துக் காம்பராவில், சாக்கு விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பெற்றார்கள். பிழைத்தது பாதி, போனது பாதி. இன்று தோட்டத்துத் தாய்மார் பிள்ளை பெறுவது வைத்தியசாலையில். மிட்வைப் மிஸ் வீடு தேடி வருகிறார், நிறை பார்க்கிறார், அட்டையில் எழுதுகிறார். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று தந்தது. பணக்கார நாடுகளே ஆச்சரியப்படும் இலவச வைத்தியம் இந்த நாட்டில் இருக்கிறது.

மலையகத்துக்கும் சில நல்ல காரியங்கள் நடந்தன. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டிய வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். அதே நாள் நோர்வூட் மைதானத்தில் நம் மக்கள் முன்னால் பேசியபோது, 1990 அம்புலன்ஸ் சேவையை எல்லா மாகாணங்களுக்கும் விரிப்பதாக அறிவித்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் மட்டும் தொடங்கிய அந்தச் சேவை இன்று நமக்கும் இருக்கிறது. காசு வாங்குவதில்லை.

வைத்திய அறிவும் எங்கேயோ போய்விட்டது. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. இரத்தக் குழாய் அடைத்து வரும் பாரிசவாதத்துக்கு, நான்கரை மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் எடுத்து ஊசி போட முடிந்தால் கை கால் திரும்ப வர வாய்ப்பு உண்டு. கடந்த மூன்று மாதம் உடம்பில் சீனி எப்படி இருந்தது என்பதை ஒரே இரத்தச் சோதனை சொல்லிவிடும். கண்ணில் புரை விழுந்தவருக்கு வில்லை வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இத்தனையும் இருக்கிறது. அப்படியிருந்தும் 2016இல் நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வு என்ன சொன்னது? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17.3 பேர். தோட்டத்தில் 31.7 பேர். அதே நாடு, அதே இலவச வைத்தியம், ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது நம்மிடம் வந்து சேருகிறதா என்றும் கேட்க வேண்டும்.

தேடி வந்தது சேர்ந்தது

எமது பாடசாலைகளில் நடந்த ஒன்றைப் பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் இந்த நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போட்டார்கள். தாய்மார் வேலையை விட்டு வர வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸுக்குக் காசு தேட வேண்டியிருக்கவில்லை. சிங்களத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகாதாரப் பிரிவினர் பாடசாலைக்கே வந்தார்கள், பெயர் கூப்பிட்டார்கள், ஊசி போட்டார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி, கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகளுக்கும் கிடைத்தது.

இனி அந்த அம்மாவைப் பாருங்கள். 35 வயதில் கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்ள அரசாங்கம் இலவசக் கிளினிக் வைத்திருக்கிறது. அதே நோய், அதே அரசாங்கம். ஆனால் அந்தக் கிளினிக்குக்கு அம்மா போக வேண்டும். அன்றைக்குப் பேர் இல்லை. எத்தனை அம்மாக்கள் போயிருக்கிறீர்கள்? இந்த மடலை வாசிக்கும் தாய்மார் தங்கள் டிவிசனில் கேட்டுப் பாருங்கள்.

தேடி வருகிற வைத்தியம் நம்மைச் சேர்கிறது. நாம் பேரை இழந்துவிட்டுத் தேடிப் போக வேண்டிய வைத்தியம் பாதியில் நின்றுவிடுகிறது. மலையகத்துச் சுகாதாரப் பிரச்சினையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

குளவி: நிமிடக் கணக்கு

குளவி கொட்டிய செய்தி இல்லாத மாதம் மலையகத்தில் உண்டா? நாம் குளவி என்று சொல்வதில் மரக்கிளையிலும் பாறையிலும் கூடு கட்டும் மலைத்தேனீயும் சேர்த்தி. கூடு கலைந்தால் படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடுவதுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு.

கொட்டுப்பட்டவர் சாவது இரண்டு விதமாக நடக்கலாம். நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷமே உடம்பைக் கெடுக்கும், சிறுநீரகம் பழுதாகும். இது உடனே தெரியாமல் பிறகும் வரலாம். அதனால்தான் நிறையக் கொட்டு வாங்கியவர் "இப்போது பரவாயில்லை" என்று சொன்னாலும் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வாமை. சிலருக்கு ஒன்றிரண்டு கொட்டே போதும். உடம்பெல்லாம் தடிக்கும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றி விழுவார்கள். இதில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

இதற்கு மருந்து என்ன? அட்ரினலின் என்ற ஊசி. தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டியது. புது மருந்து ஒன்றும் இல்லை. ஜப்பானிய விஞ்ஞானி ஜோகிச்சி தகமினே 1901இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நூற்று இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரிய இயந்திரம் தேவையில்லை, விசேட வைத்தியரும் தேவையில்லை. சின்னக் குப்பியும், அதைப் போடப் பழகிய ஒரு கையும் இருந்தால் போதும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிட்டோன் குளிசை அரிப்பைக் குறைக்கும். மூச்சு அடைத்தவரை அது காப்பாற்றாது.

இப்போது கணக்குப் போடுங்கள். மேல் மலையில் கொட்டுகிறது. ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர எத்தனை நிமிடம்? டிஸ்பென்சரி திறந்திருக்கும் நாளா அது? திறந்திருந்தால் அந்த ஊசி உள்ளே இருக்கிறதா? இல்லாவிட்டால் லொறி தேட வேண்டும். பிறகு குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் டவுன் வரை போக வேண்டும். வைத்தியசாலையில் அந்த ஊசி நிச்சயமாக இருக்கும். ஆனால் நோயாளி அங்கே போய்ச் சேரும்போது அதற்கான நேரம் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு: மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ ஆளை நடக்க விடாதீர்கள். மயக்கம் வருபவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்படுபவரைச் சாய்ந்து உட்கார விடுங்கள். தோலில் தைத்திருக்கும் கொடுக்குகளை உடனே எடுத்துவிடுங்கள். 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்தியில் வந்து நிற்கலாம் என்று சொல்லி, ஆளைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.

சீனியும் பிரஷரும்: மாதக் கணக்கு

குளவி சத்தம் போட்டு வரும் எதிரி. சீனி வருத்தமும் பிரஷரும் சத்தமில்லாமல் வருகின்றன. பல வருடம் எந்த வலியும் இல்லை. வலி இல்லாத நோய்க்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மருந்து எடுக்கப் போக மனம் வருமா?

2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை வர்த்தமானியில் அறிவித்த அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாவாக இருந்தது. அதை வைத்தே கணக்குப் பார்ப்போம். மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் போகும். 12 தடவை 1,350 என்றால் 16,200 ரூபா. புருஷன் பெண்சாதி இருவருக்கும் கிளினிக் இருக்கிற வீட்டில் 32,400 ரூபா. இதில் பஸ் காசு சேரவில்லை. விடியக்காலையில் கடைசி பஸ் நிறுத்தம் வரை திரீவீலுக்குக் கொடுத்தது சேரவில்லை. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே பாமசியில் வாங்கியது சேரவில்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் துண்டோடு பாமசிக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இலவச வைத்தியம் என்று சொல்கிறார்கள். வைத்தியருக்குக் காசு கொடுக்கவில்லை, மருந்துக்கும் காசு கொடுக்கவில்லை, சரி. ஆனால் 16,200 ரூபாவை யார் கொடுத்தது? மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டு அதே வரிசையில் நிற்கிறார். அவருக்கு அன்றைய சம்பளம் உண்டு. நாட்கூலிக்காரருக்குத்தான் இலவச வைத்தியத்தில் காசு போகிறது.

அதனால் என்ன நடக்கிறது? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறார்கள். ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்குப் பிரித்துப் போடுகிறார்கள். காலையில் போட வேண்டிய பிரஷர் குளிசையைத் தலை வலித்தால் மட்டும் போடுகிறார்கள். ஒருநாள் பறித்துக்கொண்டிருக்கும்போது வாய் கோணுகிறது, கை தொங்குகிறது. பிறகு அந்த வீட்டில் ஒருவர் படுக்கை, இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். இரண்டு பேர் நின்றுபோகிறது. பிள்ளை பாடசாலையை விட்டு கொழும்புக் கடைக்குப் போகிறது. இதை நாங்கள் புத்தகத்தில் வாசித்து எழுதவில்லை. வகுப்பு வரவுப் பதிவேட்டில் பார்க்கிறோம்.

கம்பனிகள் ஆள் பற்றாக்குறை என்று அழுகின்றன. மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் பேர் போட்டால் ஒரு நாள் சம்பளம்தான் செலவு. போடாவிட்டால் இருபது வருட அனுபவமுள்ள ஒரு கையைக் கம்பனி நிரந்தரமாக இழக்கிறது. எது நட்டம் என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாலே சொல்வார்.

"பேர் போட்டால் எல்லோரும் வருத்தம் என்று கிளம்பிவிடுவார்கள்" என்று ஒரு துரை சொல்லலாம். கிளினிக் கொப்பியில் திகதி இருக்கிறது, அடுத்த திகதியும் இருக்கிறது. அதைக் காட்டினால் பேர். இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது?

பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர்

பாடசாலைக்கு வராத பிள்ளையிடம் காரணம் கேட்டால் மாதத்தில் சில தடவை ஒரே பதில் வரும்: "அம்மாவோட கிளினிக் போனேன் மிஸ். அம்மாவுக்குச் சிங்களம் வராது."

எட்டாம் வகுப்புப் பிள்ளை வைத்தியருக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கிறது. அம்மா "நெஞ்சு அடைக்குது" என்கிறார். பிள்ளை "பபுவ ரிதெனவா" என்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்று ஆகிவிட்டது. அடைப்பது வேறு, வலிப்பது வேறு, எரிவது வேறு. வைத்தியர் நோயைப் பிடிப்பதே இந்த வித்தியாசத்தில்தான். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் தாளை அந்தப் பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறது. கர்ப்பப்பையில் இரத்தப்போக்கு என்று வந்த தாய், அதை மகன் வாயால் சொல்ல வைக்கக் கூச்சப்பட்டு, "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எமக்குத் தெரிந்து இப்படி ஒன்றுக்கு மேல் நடந்திருக்கிறது. அப்படிப் போன மாதங்களை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

வைத்தியர்களையும் தாதிகளையும் இதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். 2022க்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் இரட்டை வேலை செய்கிறார்கள். தானாகவே தமிழ் படித்து, "அம்மா, எங்க வலிக்குது?" என்று கேட்கும் சிங்கள வைத்தியர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு நல்ல மனிதர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதோடு முடிந்துவிடும் ஏற்பாடு, ஏற்பாடு அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் அது பெயர்ப்பலகையோடு நிற்கக் கூடாது. கிளினிக் அறைக்குள் பேச வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கும் சட்டங்களை 1912இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்தார்கள். டிஸ்பென்சரியும் டொக்டர் ஐயாவும் வந்தது அந்த வழியில். வேலைக்கு உடம்பு வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. நம் முன்னோரின் இரத்தத்தை உறிஞ்சிய புழு அது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் லயங்களில் கழிப்பறை இல்லை. அதைக் கட்டச் செலவு செய்யத் தோட்டத் துரைமார் தயங்கினார்கள். வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு திரும்ப வந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது, செலவு செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. இன்றைக்குப் புழுவின் இடத்தில் சீனியும் பிரஷரும், கழிப்பறையின் இடத்தில் கிளினிக் நாளின் பேரும் இருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டு மக்களுக்கு இலவச வைத்தியம் வளர்ந்தபோது, 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்திருந்த நாம் தோட்டத்து வைத்தியத்தோடு ஒதுங்கி நின்றோம். 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. 1990களில் இருந்து சில தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது, பலவற்றை ஏற்கவில்லை. இன்றைக்கு டிஸ்பென்சரியில் மருந்து இல்லை என்று கேட்டால் கம்பனி "அது இனி அரசாங்க வேலை" என்கிறது. அரசாங்க அதிகாரியைக் கேட்டால் "அது தோட்டத்துக் காணி, கட்டடம் கம்பனியுடையது" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது அரைகுறை உண்மை. இந்த இழுபறியில் டிஸ்பென்சரிக் கதவு பூட்டியே கிடக்கிறது. டொக்டர் ஐயா ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வருவதில்லை.

எமது நிலைப்பாடு இது: வைத்தியம் அரசின் பொறுப்பு. அந்த வைத்தியத்துக்குப் போக நேரமும் வேலைத்தளத்தில் பாதுகாப்பும் தருவது கம்பனியின் பொறுப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக் கழிக்க இடம் தரக் கூடாது.

முடியாத காரியமா?

முடியும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 2020 கொரோனா ஊரடங்கில் கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால் ஊழியர்கள் மூலம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் முடிந்தது அமைதிக் காலத்தில் ஏன் முடியாது?

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தை அந்த மாநில அரசு தொடங்கியது. சீனி, பிரஷர் நோயாளிகளின் வீட்டுக்கே சுகாதார ஊழியர் போய்ச் சோதிக்கிறார், மருந்தைக் கொடுக்கிறார். வேலைக்குப் போகும் ஆட்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்பதால், 2024இல் அதை வேலைத்தளங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதே வருடம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அங்கே தொழிற்சாலை வாசலுக்கு வந்தது இங்கே பிரட்டுக்களத்துக்கும் வரலாம். ஆயிரம் பேர் ஒரே இடத்தில் வாழ்ந்து, ஒரே இடத்தில் வேலை செய்யும் தோட்டத்தைப் போல இதற்கு வசதியான இடம் வேறில்லை.

எமது கோரிக்கைகள்

அடுத்த சம்பளப் பேச்சில், அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து, பின்வருபவற்றையும் மேசையில் வைக்கத் தலைமையைக் கேட்கிறோம்.

1. கிளினிக் கொப்பியைக் காட்டும் தொழிலாளிக்கு மாதத்தில் ஒரு நாள் முழுப் பேர். கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் நாளுக்கும், 35 வயதுப் பெண்களின் பரிசோதனை நாளுக்கும் இது பொருந்த வேண்டும்.

2. வேலை நடக்கும் நாளெல்லாம், ஒவ்வொரு டிவிசனுக்கும் எட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசியும் அதைப் போட முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரும். குளவிக் கூடு இருக்கும் மலையைச் சொன்ன பிறகும் அங்கே வேலைக்கு அனுப்புவது நிற்க வேண்டும்.

3. சீனி, பிரஷர் நோயாளிகளுக்கு மாதம் ஒரு தடவை தோட்டத்திலேயே நடமாடும் கிளினிக். பிரதேச சுகாதாரப் பணிமனை ஆட்களைத் தரட்டும், தோட்டம் இடமும் வாகனமும் தரட்டும்.

4. தமிழ் பேசும் மக்கள் வரும் ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த ஒருவர். படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளையே இதற்குப் பயிற்றி நியமிக்கலாம்.

5. அம்புலன்ஸ் ஏறும் அளவுக்குத் தோட்டத்து உள்பாதைகள்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதமே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை பேருக்குக் கிளினிக் இருக்கிறது, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை போனார்கள், போகாத நாளுக்கு என்ன காரணம் என்று எழுதுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டாம், அது அவரவர் சொந்த விடயம். எண்ணிக்கை போதும். பேச்சுவார்த்தை மேசையில் நம் கண்ணீரை விட அந்தக் கொப்பிக்குப் பெறுமதி அதிகம்.

இரண்டாவது, குளவி கொட்டினாலோ, வேலையில் விழுந்து அடிபட்டாலோ அன்றைக்கே தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தில் பதிய வையுங்கள். வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டுவதும் வேலை விபத்தே என்பது எமது வாதம். எழுத்து இல்லாவிட்டால் வாதாட முடியாது.

மூன்றாவது, ஈ.டி.எப். பணம் ஓய்வு பெறும்போது மட்டும் எடுப்பது என்று நினைத்திருக்கிறோம். இருதய சத்திரசிகிச்சைக்கும் கண் வில்லை வைப்பதற்கும் ஊழியர் நம்பிக்கை நிதியம் உறுப்பினர்களுக்கு உதவி தருகிறது. சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடன் தோட்டத் தலைவரிடமோ சங்கக் காரியாலயத்திலோ வந்து சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் இருக்கிறோம்.

நான்காவது, மருந்தை நிறுத்தாதீர்கள். போராடி வாங்கப்போகும் கிளினிக் நாள் வரும் வரை, ஒரு லயத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நாளில் திகதி கேட்டு வாங்கி ஒரே திரீவீலில் போங்கள். சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். பிள்ளை பாடசாலைக்கு வரட்டும்.

எட்டு மணித்தியால வேலையும், பிரசவ லீவும், பிள்ளைக் காம்பராவும் ஒரு காலத்தில் நடக்காத காரியங்கள்தான். கேட்டோம், நின்றோம், கிடைத்தது. இன்றைக்கு அவற்றை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கிளினிக் நாளுக்குப் பேர் என்பதும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள்.